திங்கட்கிழமைச் சாம்பல்

முள்ளிப்பட்டு ராஜம்மாளைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். அவரை ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னவன் நான். அவர் மூடிக்கொள்ளவில்லை. அன்று வந்த கோபம் தணிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வெட்கம் இன்னும் தணியவில்லை.

1976இல் எனக்கு இருபத்து நாலு வயது. வெம்பாக்கத்தில் மூன்று ஏக்கர் நிலம் வைத்திருந்தவரின் மகன். எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலூரில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பலராமனிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். பலராமன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அதிகம் பேச மாட்டார். வலிப்பு நோயைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் வலிப்பு நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற நாள்களில் எங்களோடு இருந்து எலியின் மூளையைப் பார்ப்பார்.

நாங்கள் அளந்தது ஒரு உப்பை. மூளையின் செல்களுக்கு உள்ளே பொட்டாசியம் நிறைய இருக்கிறது. வெளியே செல்களைச் சுற்றியிருக்கும் நீரில் மிகக் கொஞ்சம். எங்கள் அளவில் மூன்று. செல்கள் துடிக்கத் துடிக்க உள்ளே இருப்பது வெளியே கசியும். வலிப்பு வரும்போது மூன்று என்பது பத்து, பன்னிரண்டு வரை ஏறிவிடும். இதெல்லாம் அப்போதே தெரிந்த சங்கதி. எங்களைக் குடைந்தது வேறு கேள்வி. உப்பு ஏறியதால் வலிப்பு வருகிறதா, இல்லை வலிப்பு வந்ததால் உப்பு ஏறுகிறதா? எது முந்தி?

இதை உயிருள்ள மூளையில் அளக்க ஒரு கண்ணாடி ஊசி வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது. ஒட்டிப் பிறந்த இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களை நடுவில் சூடாக்கி இழுத்தால் முனை நீண்டு ஒடுங்கும். தலைமயிர் ஒன்றை இருபதாகக் கிழித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு முனை. ஒரு குழாயின் உட்சுவரில் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஏற்றி, பொட்டாசியத்தை மட்டும் உணரும் ஒரு திரவத்தை முனையில் சொட்டளவு நிறுத்த வேண்டும். மற்றதில் சாதாரண உப்பு நீர். இரண்டிலும் வெள்ளிக் கம்பி. இரண்டுக்கும் நடுவே பிறக்கும் மின்னழுத்தம் ஒரு எழுதுகோலை நகர்த்தும். ஓடும் காகிதச் சுருளில் கோடு விழும். உப்பு ஏறினால் கோடு ஏறும். சொல்வதற்கு இவ்வளவுதான். நான் செய்த ஊசிகளில் பத்துக்கு ஒன்பது உடைந்தன. மிச்சம் ஒன்றில் காற்றுக் குமிழி இருந்தது.

ராஜம்மாள் எங்களிடம் வந்தது பலராமனின் கண்ணால். ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வரிசையில், தம்பிக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு பெண் பட்டு நூல் சிடுக்கு ஒன்றை மடியில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாராம். வரிசை நகர மூன்று மணி நேரம். அதற்குள் சிடுக்கு முழுதும் பிரிந்துவிட்டது. ஒரு இழைகூட அறவில்லை. பலராமன் அவர் தம்பியை விசாரித்தாரோ இல்லையோ, அவர் விரலை விசாரித்தார். மறு வாரம் முள்ளிப்பட்டிலிருந்து ஆரணிக்கு நடந்து, அங்கிருந்து முதல் பஸ் பிடித்து, எட்டரை மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்றார் ராஜம்மாள்.

அப்போது அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். என்னைவிடப் பெரியவர் என்பதால் அக்கா என்றேன். அவர் என்னைச் சார் என்றார். எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய தொழில் பாவு பிணைப்பது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடியும்போது பழைய இழைகளின் கடைசி நுனிகள் சீப்புப் போன்ற அச்சில் கோத்தபடியே நிற்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதற்கு நேரான பழைய இழையோடு சேர்த்து முறுக்கிவிட வேண்டும். ஒரு புடவைப் பாவுக்கு நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும். முடிச்சுப் போடக் கூடாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு உருட்டு உருட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள்.

முதல் நாள் எலியின் மண்டையில் திறந்திருந்த சின்னச் சாளரத்தின் வழியே மூளையைப் பார்த்தார். மயக்கத்தில் கிடந்த எலி. மூளை மூச்சுக்கு மூச்சு லேசாக உயர்ந்து தாழ்ந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதற்கு வலிக்குமா என்று மட்டும் கேட்டார். மயக்கத்தில் வலிக்காது என்றேன். தலையசைத்துவிட்டு ஊசி செய்யும் மேசைக்குப் போனார். மூன்றாம் வாரம் அவர் செய்த பத்து ஊசிகளில் எட்டு நின்றன. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அவருடைய மேசை ஒரு திரைக்கு அப்பால் இருந்தது. மின்விசிறிக் காற்று பட்டால் முனை ஆடும் என்பதற்காகக் கட்டிய திரை. நான் இந்தப் பக்கம் எழுதுகோலுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவர் ஊசியைக் கொண்டுவந்து கொடுப்பார். பிறகு எலியின் பக்கத்தில் நின்று, மூளை காய்ந்துவிடாமல் சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரைச் சொட்டு விடுவார். அந்த மூன்று வருஷமும் அவர் ஊசியைப் பார்த்தேனே தவிர, கையைப் பார்த்ததில்லை.

தம்பி வீரபாகுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜம்மாள் வேலூருக்கு வந்ததே அவனுக்காகத்தான். அப்பா அம்மா போன பிறகு அக்காதான் வளர்த்தார். பதினேழு வயதிலேயே அவன் நெய்த புடவைக்கு முதலாளிகள் காத்திருந்தார்களாம். ஒரு நாள் அரக்குச் சிவப்புப் பாவு ஒன்றின் மேல் அவன் அப்படியே விழுந்தான். முதல் வலிப்பு. கை கால் உதைத்ததில் இருநூறு இழைக்கு மேல் அறுந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை அப்படி. மூன்றாவதுக்குப் பிறகு எந்த முதலாளியும் அவனுக்குப் பாவு கொடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பட்டு அவர்களுடையது. ராஜம்மாளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால் அவரும் ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். மாத்திரை வலிப்பைக் குறைத்ததே தவிர நிறுத்தவில்லை. வீரபாகு வீட்டில் தறிக்கு எதிரில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

முதல் தடவை நான் முள்ளிப்பட்டு போனபோது, எங்கள் ஆராய்ச்சி எதற்கு என்று அவன்தான் கேட்டான். நான் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொன்னான்.

"வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சா போதும் சார். தறியிலேர்ந்து எழுந்து வெளிய வந்துடுவேன்."

அந்த இரண்டு நிமிஷம் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ராஜம்மாளின் தலையில் அது ஏற்கெனவே இருந்தது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

1978 கோடையில் அது எங்களுக்குக் கிடைத்தது. மூளை மேல் ஒரு மருந்துத் துளி வைத்தால் எலிக்கு வலிப்பு வரும். அன்று வலிப்பு வருவதற்கு இரண்டரை நிமிடம் முன்பாகவே கோடு மூன்றிலிருந்து மெல்ல ஏறத் தொடங்கியது. மூன்றரை, நாலு, நாலரை. அப்புறம்தான் வலிப்பு. நான் சுருளைக் கிழித்துக்கொண்டு பலராமன் அறைக்கு ஓடினேன். அவர் பார்த்துவிட்டு இன்னும் பத்து எலியில் காட்டு என்றார்.

காட்டினேன். ஒரு வருஷத்தில் ஐம்பத்து நாலு எலிகள். அவற்றில் பதினொன்றில் உப்பு முந்தியது. மற்ற நாற்பத்து மூன்றில் உப்பும் வலிப்பும் சேர்ந்தே வந்தன. அந்த நாற்பத்து மூன்றுக்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். வலிப்பு தொடங்கும் புள்ளி கடுகளவு. ஊசி அந்தப் புள்ளியில் பட்ட நாளில் தெரிகிறது, படாத நாளில் குறி தவறியது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், கூடம் கோணலாக இருப்பதே என் ஆட்டத்துக்குச் சாட்சி என்றேன். பலராமன் தயங்கித் தயங்கி ஒத்துக்கொண்டார். டில்லியில் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசிக்க எனக்கு இடம் கிடைத்தது.

நான் செய்த பெரிய தப்பு அதற்கு அடுத்தது. நேராக முள்ளிப்பட்டுக்குப் போய் வீரபாகுவிடம் சொன்னேன். வலிப்புக்கு முன்னால் மூளை ஒரு குறி காட்டுகிறது, இரண்டரை நிமிஷம் முந்திக் காட்டுகிறது, இன்னும் சில வருஷத்தில் அதைப் பிடிக்க ஒரு வழி, இல்லை அந்த ஏற்றத்தைத் தடுக்க ஒரு மருந்து வந்துவிடும் என்றேன். படித்தவன் சொன்னால் பலிக்கும் என்று நினைக்கிற ஆள் அவன். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று என் இலையில் கேட்காமலே இரண்டாம் தடவையும் சோறு வைத்தார்.

மறு மாதமே அவன் கால் வைக்கும் தறிக் குழியைத் துப்புரவு செய்து, மிதிகட்டையைப் பழுது பார்த்து வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

டில்லி புறப்பட இரண்டு வாரம் இருந்தது. அந்தப் பதினொரு ஊசிகளையும் படம் எடுத்துக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. பயன்படுத்திய ஊசியை எறிய ராஜம்மாளுக்கு மனசு வராது. ஒவ்வொன்றையும் அன்றைய தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதில் சுருட்டி, எலியின் எண்ணை எழுதி, ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். பதினொன்றையும் பொறுக்கி எடுத்துத் தரச் சொன்னேன். சனிக்கிழமை சாயந்தரம் பெட்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முள்ளிப்பட்டு ஆள் ஒருவர் ஆரணி கடைத்தெருவிலிருந்து போன் போட்டு, அக்கா உடனே வரச் சொன்னதாகச் சொன்னார். வீரபாகுவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன்.

வீரபாகு நன்றாகத்தான் இருந்தான். பக்கத்து வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். ராஜம்மாள் கூடத்தில் பதினொரு காலண்டர் தாள்களை வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை வைத்திருந்தார். என்னைப் பார்க்கச் சொன்னார். தேதி, நட்சத்திரம், ராகுகாலம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழமையைப் பாருங்கள் என்றார்.

ஒன்பது தாளில் திங்கள். ஒன்றில் செவ்வாய், அது பொங்கல் விடுமுறைக்கு மறுநாள். இன்னொன்றில் வியாழன்; அதற்கு முதல் நாள் ஆரணியில் தேர் என்று லீவு போட்டிருந்தார்.

"எலிக்கு இன்னா சார் தெரியும், திங்கக்கிழமை?" என்றார்.

பிறகு இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பியை எடுத்து என் முன் வைத்தார். மூக்குப்பொடி டப்பி. உள்ளே மாவுபோல் சலித்த சாம்பல். வாழைச் சருகை எரித்து, துணியில் மூன்று தடவை சலித்துச் செய்வாராம். மற்றச் சாம்பல் பட்டில் கறை வைக்கும். ஞாயிறும் விடுமுறை நாளும் அவர் ஊரில் பாவு பிணைக்கப் போவார். நாலாயிரம் இழை உருட்டினால் விரல் நுனித் தோல் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிடும். மறுநாள் கண்ணாடி கையில் நிற்காது, வழுக்கும். அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, டப்பியைத் திறந்து ஒரு தொடு தொட்டுக்கொண்டு, அதிகப்படியை மேசை ஓரத்தில் உதறிவிட்டு ஊசியைப் பிடிப்பார். மேசை ஓரத்தில்தான் உப்பு நீர்க் கிண்ணம் மூடாமல் இருக்கும். சொட்டு விடுகிற குழாயையும் அதே விரல்தான் பிடிக்கும். செவ்வாய், புதனில் தோல் வளர்ந்துவிடும், டப்பி தேவைப்படாது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பாவு பிணைக்கிறவருக்குச் சாம்பல் தொடுவது எச்சில் விழுங்குவதுபோல. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் அந்த டப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெம்பாக்கத்தில் என் அப்பா வாழைத் தோட்டத்துக் குப்பையை எரித்துச் சாம்பலை வயலில் தூவுவார். எதற்கு என்று கேட்டால் அதில் பொட்டாஷ் இருக்கிறது என்பார். எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். பொட்டாசியத்தை அளக்கிறேன் என்று மூன்று வருஷமாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்த எனக்கு, அது ஒரு நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்போது எனக்கு வந்தது நன்றி அல்ல, கோபம். படிக்காத ஆளை ஆராய்ச்சிக்கூடத்தில் விட்டது தப்பு என்று கத்தினேன். சாம்பலைத் தொட்டுக்கொண்டு மூளையில் கை வைத்தாயா என்றேன். அதுவரை அவரை ஒருமையில் பேசியதில்லை. கத்தி முடித்ததும் புத்தி வேறு பக்கம் ஓடியது. குரலைத் தணித்துக்கொண்டு, இது சாம்பலால்தான் என்று நமக்கு நிச்சயமாகத் தெரியாது, டில்லி போய்விட்டு வரும்வரை டாக்டரிடம் சொல்ல வேண்டாம், அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அதோடு நிற்கவில்லை. தம்பியின் முகத்தை நினைத்துப் பாருங்கள் என்று அவரிடமே சொன்னேன். அதைவிடக் கீழான வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

ராஜம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அழவில்லை. அவர் பேசியதை நான் மறக்கவில்லை.

"பிணைக்கும்போது ஒரு இழை மாறிப்போச்சுன்னு வச்சிக்கங்க. நெய்யறவனுக்கு ஒடனே தெரியாது. ஒரு மொழம் போனப்புறம் தெரியும். அதுக்கு மேல நெய்யறது எல்லாமே தப்பு. எங்க ஊர்ல, பிணைச்சவதான் போய் அவுத்துக் கட்டணும். வேற யாரும் கை வக்க மாட்டாங்க. நெய்யறவன் திட்டுவான். திட்டட்டும். இது நான் மாத்திப் பிணைச்சது சார். என் தம்பிக்கு நாளைக்கு எவனாவது இந்த நம்பரைப் பாத்துகினு மருந்து எழுதுவான்."

நாளை ஒரு நாள் பொறுப்பேன், நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றார்.

திங்கட்கிழமை அவர் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். புதுக் கிண்ணத்தில் சுத்தமான உப்பு நீர் ஊற்றி, ஒரு ஊசியை இறக்கினேன். கோடு மூன்றில் அசையாமல் ஓடியது. டப்பியைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். விரலில் தொட்டு, அவர் உதறுவார் என்று காட்டியது மாதிரியே கிண்ணத்தின் மேலே உதறினேன். எழுதுகோல் கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு ஏறியது. மூன்றரை, நாலு, நாலரை. எனக்கு மனப்பாடமான அதே கோடு. பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பினால் பலராமன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காகிதச் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு வருஷம் போயிற்று, ஆனால் தப்பு வாசலைத் தாண்டவில்லை என்றார். என் டில்லிக் கட்டுரையை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். ராஜம்மாளிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. ஊசியை இனி எப்படிப் பிடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். தறியில் கழியும் பட்டு நூலை விரல் நுனியில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டால் கண்ணாடி வழுக்காது. பாவு பிணைக்கப் போவதை அன்றோடு நிறுத்திவிட்டார். அந்தப் பக்கத்தில் அவரைப் போல் பிணைக்கிறவர் இல்லை என்பார்கள். கூப்பிட வந்தவர்களிடம் கை ஒத்துவரவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

வீரபாகுவிடம் யார் சொல்வது என்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது. நம்பிக்கை கொடுத்தவன் நான். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். முள்ளிப்பட்டு வரை போனேன். மழை, பஸ் என்று வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தேன். ராஜம்மாள்தான் சொன்னார், சுற்றி வளைக்காமல். அந்த எலிகளுக்கு முன்கூட்டி வந்த குறி மூளையிலிருந்து வந்ததில்லை, என் கைச் சாம்பலிலிருந்து வந்தது என்றார். அவன் நூல் சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டான்.

"அப்போ ரெண்டு நிமிஷம் இல்ல," என்றான்.

"இல்ல தம்பி."

அவன் எழுந்து போய்த் தறியின் மேல் ஒரு பழைய பாயை எடுத்துப் போட்டு மூடினான். என்னைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். நான் சாப்பிடவில்லை.

முதலிலிருந்து தொடங்கினோம். இன்னொரு அறுபது எலிகள். கிண்ணங்களுக்கு மூடி வந்தது, திரை போயிற்று, ஊசி செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திங்கட்கிழமையும் மற்ற கிழமை மாதிரியே இருந்தது. உப்பு முந்தவில்லை. வலிப்போடு சேர்ந்தே ஏறியது, பன்னிரண்டைத் தொட்டது, வலிப்பு அடங்கியதும் மெல்ல மூன்றுக்குத் திரும்பியது. 1981இல் ஒரு சின்ன இதழில் எங்கள் கட்டுரை வந்தது. முன்கூட்டி எதுவும் இல்லை என்று சொல்லும் கட்டுரையை யார் கொண்டாடுவார்கள்? கடைசிப் பத்தியில், ஊசிகளைச் செய்ததோடு ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடித்தவர் என்று ராஜம்மாளின் பெயரைப் போட்டோம். படித்துக் காட்டினேன். மூன்று என்று போட்டிருக்கிற இடம் எது என்று கேட்டு, அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

1983 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. சொல்லாமல் நிற்கிற ஆள் இல்லை. மத்தியானம் பஸ் ஏறினேன். ஆரணியில் இறங்கும்போதே, முள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு விஷயத்தைச் சொன்னார். வீரபாகு முதல் நாள் தறியில் உட்கார்ந்திருந்தபோது வலிப்பு வந்து, நெய்துகொண்டிருந்த பாவின் மேலேயே கவிழ்ந்துவிட்டான். கால் குழிக்குள், முகம் பட்டுக்குள். வேலூர் பஸ்ஸில் திரும்பி வந்த அக்காதான் முதலில் பார்த்தார்.

நான் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். ராஜம்மாள் தறிக்கு எதிரில், அவன் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். தறியில் மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை. ஒன்றரை முழம் நெய்திருந்தது. அதற்கு மேல் இழைகள் அறுந்து தொங்கின. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. இவனுக்குப் பாவு கொடுத்தது யார் என்று கேட்டேன். குப்புராஜ், கூடப் படித்தவன், இவன் கெஞ்சிக் கேட்டுக் கொடுத்தான் என்றார். பிறகு, கேட்காததையும் சொன்னார்.

"எங்கிட்டயும் கேட்டான் சார். பதினஞ்சு வருஷமா எதிர்ல ஒக்காந்துகினு பாக்கறேன், ஒரே ஒரு பொடவை நெய்யறேன்னான். ரெண்டு நிமிஷம் இல்லன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் ஒக்காந்தான். நானும் வேணாம்னு சொல்லல."

நான் கொடுத்த பொய்யை நம்பி அவன் அந்தத் தறியில் உட்கார்ந்து செத்திருந்தால் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்தப் பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் கேட்டார்.

"அந்த மூணு, மூணுதானே சார்?"

"மூணுதான் அக்கா," என்றேன்.

காரியம் எல்லாம் முடிந்து, பதின்மூன்றாம் நாளோ பதினான்காம் நாளோ, ஒரு திங்கட்கிழமை, எட்டரை மணிக்கு ராஜம்மாள் வந்தார். வழக்கம்போல நேராக மேசைக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்று, இரண்டு கைகளையும் விரித்து எனக்குக் காட்டினார். விரல் நுனிகள் தேய்ந்து பளபளவென்று இருந்தன. நகக்கண்ணில் சாம்பல்.

"நேத்து அவன் பாவைப் பிணைச்சேன் சார். அறுந்தது மொத்தமும். குப்புராஜ் வேற ஆளை ஒக்கார வச்சி மிச்சத்தை நெய்யணும், பாதியில நிக்கக் கூடாது. சாம்பல் தொட்டுட்டேன். இன்னிக்கு என்னைக் கண்ணாடியைத் தொட விடாதீங்க."

எழுதுகோலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று ஊசி நான் செய்தேன். ஐந்து உடைந்தன. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது நின்றது. அதை மெல்ல இறக்கினேன். எழுதுகோல் ஆடி ஆடி, மூன்றில் போய் நின்று, நேராக ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் ராஜம்மாள் அழுதார். கண்ணீர் கன்னத்தில் வழிந்து புடவையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கவில்லை. கைகள் இரண்டும் மடியிலேயே இருந்தன.